நிமிர்ந்து உட்கார்ந்தால் வலி கூடுகிறதே, டாக்டர்?

கேள்வி: எனக்கு 47 வயது. ஈரோடு பக்கம் ஒரு கிராமத்தில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். பிளவுஸ், சுடிதார், பாவாடை எல்லாம் தைப்பேன். 22 வருடமாக இதே வேலை. இரண்டு வருடமாகப் பிடரியும் இரண்டு தோளும் கல் மாதிரி இறுகிவிடுகின்றன. எக்ஸ்ரே பார்த்துவிட்டு, கழுத்து எலும்பு தேய்மானம் என்றார்கள். மாத்திரை, ஒத்தடம், கழுத்துப் பட்டை எல்லாம் செய்து பார்த்தாயிற்று. 'நிமிர்ந்து உட்காருங்கள்' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படி உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் வலி இன்னும் கூடுகிறது. இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மகன், முதுகுவலிக்காக 'அலெக்சாண்டர் டெக்னிக்' என்ற வகுப்புக்குப் போகிறான். நல்ல பலன் என்கிறான். உடம்பைக் கவனிக்கச் சொல்லித் தருகிற பாடத்தால் வலி குறையுமா? எனக்கும் உதவுமா? சில நாள் இரவில் வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன. உதறினால் சரியாகிவிடும்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, விரல் மரத்துப்போகிறது என்று, முதலில் அதைப் பேசிவிடலாம். எந்த விரல் என்று அடுத்த முறை கவனியுங்கள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரத்து, சுண்டு விரல் மட்டும் நன்றாக இருந்தால், மணிக்கட்டில் ஒரு நரம்பு அழுந்துகிறது என்று பொருளாக இருக்கலாம். இரவில் எழுப்பிவிடுவதும், உதறினால் சரியாவதும் அதன் வழக்கமான அடையாளங்கள். கத்தரிக்கோலை அழுத்திப் பிடித்து வேலை செய்பவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். சர்க்கரை நோயும் தைராய்டு குறைவும் இருந்தாலும் வரும், அதனால் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். கழுத்தில் நரம்பு அழுந்தினாலும் விரல் மரக்கும். எது என்று கையையும் கழுத்தையும் பரிசோதித்தால்தான் தெரியும். ஆகவே எந்த வகுப்பைப் பற்றி யோசிப்பதற்கும் முன்னால் ஒரு எலும்பு மருத்துவரையோ நரம்பு மருத்துவரையோ நேரில் பாருங்கள். கையில் பிடி தளர்ந்து பொருள் நழுவினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு மாறினாலோ, காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ சேர்ந்து வந்தாலோ நாள் கடத்தவே கூடாது.

எக்ஸ்ரேயைப் பார்த்து பயப்பட வேண்டாம். 47 வயதில் கழுத்து எலும்பில் தேய்மானம் தெரிவது தலைமுடி நரைப்பது போலத்தான். வலி கொஞ்சமும் இல்லாத எத்தனையோ பேரின் எக்ஸ்ரேயிலும் அது இருக்கும். அதைப் பார்த்துவிட்டு 'இனி எலும்பு தேய்ந்துகொண்டே போகும்' என்று தலையை ஆட்டாமல் அசைக்காமல் வைத்துக்கொள்பவர்களுக்குத்தான் இறுக்கம் அதிகமாகிறது. கழுத்துப் பட்டையை நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நிமிர்ந்து உட்கார்ந்தால் ஏன் வலி கூடுகிறது? உங்கள் மகன் போகும் வகுப்பு பிறந்த கதையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

எஃப்.எம். அலெக்சாண்டர் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 1869-இல் பிறந்தவர். மேடையில் ஷேக்ஸ்பியர் வசனங்களை ஒப்பிப்பது அவர் தொழில். மேடையில் பேசும்போது மட்டும் குரல் கம்மிப்போகும். மருத்துவர்கள் ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். ஓய்வெடுத்தால் குரல் திரும்பும், மேடை ஏறினால் மறுபடியும் போய்விடும். அப்படியானால் பேசும்போது நான்தான் ஏதோ தவறாகச் செய்கிறேன் என்று அவருக்குத் தோன்றியது. கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தார். வசனத்தைத் தொடங்கும் கணத்தில் தலையைப் பின்னால் இழுக்கிறார், குரல்வளையைக் கீழே அழுத்துகிறார், வாயால் சத்தமாக மூச்சை உறிஞ்சுகிறார். அன்றுவரை இது எதுவும் அவருக்குத் தெரியாது.

அடுத்து நடந்ததுதான் உங்களுக்கு முக்கியம். தலையைப் பின்னால் இழுக்கக் கூடாது என்று முடிவு செய்து, முன்னால் கொண்டுபோய்ப் பேசினார். சரியாகச் செய்கிறோம் என்றே உணர்ந்தார். பக்கவாட்டில் இன்னும் இரண்டு கண்ணாடி வைத்துப் பார்த்தால், தலை முன்போலவே பின்னால்தான் போய்க்கொண்டிருந்தது! உடம்பு 'சரி' என்று சொன்னது, கண்ணாடி 'இல்லை' என்றது. பல வருடப் பழக்கம் எதுவோ அதைத்தான் உடம்பு நேர் என்று சொல்லும். உண்மையிலேயே நேராக வந்தால் கோணலாக இருப்பது போலத் தோன்றும்.

கண்ணை மூடிக்கொண்டாலும் உங்கள் கை எங்கே இருக்கிறது என்று தெரிகிறதல்லவா? தசைகளுக்குள் இருக்கும் நுண்ணிய உணர்கருவிகள்தான் அதை மூளைக்குச் சொல்கின்றன. மண்டை ஓட்டுக்கு அடியில் பிடரியில் இருக்கும் சின்னச் சின்னத் தசைகளில் அவை மிக நெருக்கமாக இருக்கின்றன. அந்த இடத்தை வருடக்கணக்காக இறுக்கியே வைத்திருந்தால், வருகிற செய்திக்கு மூளை பழகிவிடும். இறுக்கம் இருப்பதே தெரியாமல் போகும்.

இப்போது 'நிமிர்ந்து உட்காருங்கள்' என்றால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நெஞ்சை முன்னே தள்ளி, இடுப்பைக் குழித்து, தோளைப் பின்னால் இழுத்து, தாடையைத் தூக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். என்னிடம் வருபவர்களில் அநேகமாக எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பள்ளியில் நமக்குச் சொல்லிக் கொடுத்த நிமிர்வு அதுதான். ஏற்கெனவே இறுகியிருக்கும் தசைமேல் இன்னொரு இறுக்கத்தை ஏற்றினால் அரை மணி நேரத்தில் வலி கூடாமல் என்ன செய்யும்? உங்கள்மேல் ஒரு குறையும் இல்லை. 'நிமிருங்கள்' என்று ஒரு வார்த்தையில் சொல்லி அனுப்பிவிட்டு, எப்படி என்று காட்டாத எங்கள்மேல்தான் குறை.

அலெக்சாண்டர் வகுப்பில் ஆசிரியர் ஒருவர், ஒரு நேரத்தில் ஒருவருக்குச் சொல்லித் தருவார். சாதாரண உடையில்தான் இருப்பீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழும்போது, நடக்கும்போது, மேசையில் படுத்திருக்கும்போது, உங்கள் தலை, கழுத்து, முதுகின்மேல் மென்மையாகக் கை வைத்து, எங்கே இறுக்குகிறீர்கள் என்று உணரவைப்பார். நெட்டி முறிப்பது கிடையாது, அழுத்தித் தேய்ப்பதும் கிடையாது. அதனால்தான் அதைச் சிகிச்சை என்று சொல்லாமல் பாடம் என்கிறார்கள்.

பலன் உண்டா என்று நன்றாகவே சோதித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் நாள்பட்ட முதுகுவலி உள்ள 579 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஒரு வருடம் கழித்து, முந்தைய நான்கு வாரத்தில் எத்தனை நாள் வலி இருந்தது என்று கேட்டார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு நடுமட்டமாக 21 நாள், 6 பாடம் கற்றவர்களுக்கு 11 நாள், 24 பாடம் கற்றவர்களுக்கு 3 நாள். கழுத்துவலிக்கு 2015-இல் 517 பேரிடம் செய்த ஆய்வு வெளியானது. 20 பாடம் கற்றவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட ஒரு வருட முடிவில் வலியும் முடக்கமும் குறைவாக இருந்தன. அதே ஆய்வில் அக்குபங்சர் எடுத்துக்கொண்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு பலன் கிடைத்தது. வித்தியாசம் மிதமானதுதான், அற்புதம் என்று சொல்ல மாட்டேன். தனக்கு எந்தச் சிகிச்சை நடக்கிறது என்று தெரிந்தே கலந்துகொள்ளும் ஆய்வுகளில் நம்பிக்கையின் பங்கும் கொஞ்சம் இருக்கும். ஆனாலும் பாடம் முடிந்து பல மாதம் கழித்தும் பலன் நிற்கிறது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். மாத்திரையில் அது நடப்பதில்லை. ஆஸ்துமா, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் இது குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம் ஊரில் இதற்கு முறையாகப் பயின்ற ஆசிரியர்கள் மிகக் குறைவு. அந்தப் பயிற்சியே மூன்று வருடம், 1600 மணி நேரம். வார இறுதிப் பயிலரங்கம் ஒன்றுக்குப் போய்விட்டு 'நான் ஆசிரியர்' என்பவரிடம் பணம் கட்ட வேண்டாம். பக்கத்து நகரத்தில் பொறுமையாகச் சொல்லித் தருகிற பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் போதும். இதற்கு நடுவில் நீங்களாகவே செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

உங்கள் தொழிலே இதற்கு உதவும். சுடிதார் பேன்ட்டுக்கு இடுப்பளவும் சீட் அளவும் தனித்தனியாக எடுப்பீர்கள் அல்லவா? 'இடுப்பிலிருந்து குனியுங்கள்' என்றதும் எல்லோரும் பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் வளைகிறார்கள். அங்கே முதுகெலும்புதான் இருக்கிறது. உடம்பு மடிய வேண்டிய மூட்டு அதற்குக் கீழே, சீட் அளவு எடுக்கிற மட்டத்தில், தொடை மடிகிற இடத்தில் இருக்கிறது. துணி வெட்ட மேசைமேல் குனியும்போது முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, தொடை மடிப்பிலிருந்து சாயுங்கள். முதுகு நீளமாகவே இருக்கும். தலைக்கும் இதே கதைதான். தலை கழுத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் இடம் இரண்டு காதுகளுக்கும் நடுவில், நீங்கள் நினைப்பதைவிட உயரத்தில் இருக்கிறது. காதுகளில் விரல் வைத்துக்கொண்டு 'ஆமாம்' என்று மிகச் சிறிதாகத் தலையை அசைத்துப் பாருங்கள், புரியும். ஊசியைப் பார்க்க அந்த அசைவே பெரும்பாலும் போதும். கழுத்து முழுவதையும் முன்னால் நீட்ட வேண்டியதில்லை. தலையின் எடை நாலரை, ஐந்து கிலோ. அது முன்னால் போகப் போகப் பிடரித் தசைகள் அதைத் தொங்கவிடாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பைஃபோகல் கண்ணாடி போடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் வயதில் வெள்ளெழுத்து இருக்கும். கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாக ஊசியைப் பார்க்கத் தாடையைத் தூக்கினால், அலெக்சாண்டர் செய்த அதே தவற்றைத்தான் நீங்களும் நாள் முழுக்கச் செய்துகொண்டிருப்பீர்கள். தையலுக்கென்று, மெஷின் தூரத்துக்கு ஏற்ற தனிக் கண்ணாடி ஒன்று வாங்கிவிடுங்கள். ஊசிமேல் நல்ல வெளிச்சம் விழட்டும். இவ்வளவிலேயே பாதி வலி குறைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கொக்கி வைப்பது, ஹெம்மிங் போன்ற கை வேலையை மடியில் வைத்துச் செய்யாதீர்கள். மடிமேல் ஒரு தலையணை வைத்து வேலையை உயர்த்திக்கொள்ளுங்கள். தரையில் உட்கார்ந்தால் பிட்டத்துக்கு அடியில் மடித்த போர்வை ஒன்று வேண்டும்.

தினமும் மதியம் ஒரு பதினைந்து நிமிடம் பாயில் மல்லாந்து படுங்கள். முழங்காலை மடித்து, பாதம் தரையில் பதிந்திருக்கட்டும். தலைக்கு அடியில் நோட்டுப் புத்தகங்கள் இரண்டோ மூன்றோ, தாடை மேலே தூக்காமலும் தொண்டையை அழுத்தாமலும் இருக்கிற உயரத்துக்கு. கண் திறந்தே இருக்கட்டும். தளர்த்த வேண்டும் என்று முயற்சி எதுவும் செய்ய வேண்டாம். பிடரி எங்கே இறுகியிருக்கிறது, பல் கடித்திருக்கிறீர்களா, மூச்சைப் பிடித்திருக்கிறீர்களா என்று கவனித்தால் மட்டும் போதும். முதல் வாரம் ஒன்றும் தெரியாது. அப்புறம் தெரிய ஆரம்பிக்கும்.

அதே கவனத்தை மெஷினுக்குக் கொண்டுபோங்கள். பெடலில் கால் வைப்பதற்கு முன் ஒரு மூச்சு நேரம் நில்லுங்கள். அந்தக் கணத்தில் தோள் காதை நோக்கி ஏறுகிறதா? ஏறினால் இழுத்து இறக்காதீர்கள், ஏறவிடாமல் இருந்தால் போதும். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனைக் கொடுத்து, நீங்கள் தைப்பதைப் பக்கவாட்டில் இரண்டு நிமிடம் படமெடுக்கச் சொல்லுங்கள். அலெக்சாண்டருக்குக் கண்ணாடி, உங்களுக்குப் போன். ஒரே இடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் எந்த நிலையிலும் இருக்கக் கூடாது, அது எவ்வளவு சரியான நிலையாக இருந்தாலும். பிளவுஸில் ஒரு கை தைத்ததும் எழுந்து தண்ணீர் குடியுங்கள், கொடியில் கிடக்கும் துணியை எடுத்து வாருங்கள்.

தீபாவளி ஆர்டர் குவிவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள். 'இன்றிரவுக்குள் நாலு பிளவுஸ் முடிக்க வேண்டும்' என்ற அவசரத்தில் தோள் தானாகவே ஏறிவிடும், அப்போது புதிதாக எதையும் கற்க முடியாது. விரல் மரப்புக்கு மருத்துவரைப் பார்த்துவிட்டு, எந்த விரல்கள் என்பதையும் கண்ணாடி விவரத்தையும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.