கம்பஸில் ஒருவரையும் தெரியாது என்ற வவுனியாத் தங்கச்சிக்கு

தங்கச்சி, கொழும்பு கம்பஸுக்கு வந்து மூன்று கிழமையாகியும் ஒருவரோடும் கதைக்கவில்லை, சிங்களமும் வராது, லெக்சர் முடிந்ததும் நேரே வெள்ளவத்தை போர்டிங்குக்கு ஓடிவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். வாசிக்கவே மனம் கனத்தது. மட்டக்களப்பிலிருந்து வந்த நானும் அப்படித்தான் இருந்தேன்.

எல்லாச் சங்கத்திலும் சேர வேண்டாம், ஒன்று போதும். பேச வெட்கமென்றால் கலைவிழா, நாடக வேலைகளில் மேடைக்குப் பின்னால் நில்லுங்கள். எனக்குக் கிடைத்தது மேடைக்கு எழுத்து வெட்டும் வேலை. ரெஜிஃபோம் (தெர்மோகோல்) தூளும் பசையும் கையெல்லாம் ஒட்ட, இரவு ஏழு மணிவரை நிலத்தில் குந்தியிருந்து வெட்டினோம். அன்று பக்கத்தில் கத்தரிக்கோல் பிடித்தவள்தான் இன்றைக்கும் என் உயிர்த்தோழி.

சிங்களத்துக்கு, பக்கத்தில் இருப்பவளிடம் “மட்ட நோட்ஸ் தென்ன புளுவன்த?” (எனக்கு நோட்ஸ் தர முடியுமா?) என்று கேட்டுத் தொடங்குங்கள். பிழை விட்டால் பரவாயில்லை, அவளே திருத்துவாள்.

ஒன்று மட்டும் கவனம். சங்கத்தில் சேர்வது வேறு, பகிடிவதைக்கு (ராகிங்) தலைகுனிவது வேறு. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். சீனியர்தானே என்று பொறுக்காமல் அன்றைக்கே மாணவ ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

சனி ஞாயிறில் அறைக்குள் அடைந்து கிடக்காதீர்கள். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையிலேயே இருக்கிறது, நூலகமும் உண்டு.

இந்தக் கிழமை யாரோடாவது கன்டீனில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு எழுதுங்கள். பார்த்துக்கொண்டிருப்பேன்.