ரெகுலேட்டரைத் திருகும் முன் அந்தச் சிறு குழாயைக் கழற்றுங்கள்

தம்பி, ரெகுலேட்டரை (பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) திருகி அழுத்தத்தை 3.6 பார் வரை ஏற்றியும் பேச்சிப்பாறை ஏற்றத்தில் கார் திணறுகிறது, கரும்புகை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கையேடு சொல்வதோ 3 பார். ஐடிலில் (கார் நிற்க, இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது) அளந்தபோது ரெகுலேட்டரின் வேக்குவம் குழாய், அதாவது இன்ஜினின் உறிஞ்சலை ரெகுலேட்டருக்குக் கொண்டுவரும் சிறு குழாய், மாட்டியே இருந்ததா? அப்படியென்றால் கேஜ் (அழுத்தமானி) ஏறக்குறைய அரை பார் குறைத்துத்தான் காட்டியிருக்கும். உங்கள் உண்மையான அழுத்தம் 4 பாரைத் தொட்டுவிட்டது.

3 பார் 4 ஆனால் இன்ஜெக்டர் சுமார் 15 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் பீய்ச்சும். மெதுவாக ஓட்டும்போது புகைக்குழாயிலுள்ள ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துக் காரின் கணினி அதைக் குறைத்துவிடுகிறது. அதனால்தான் தக்கலைக் கடைத்தெருவில் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் பெரும்பாலான கணினிகள் சென்சாரை விட்டுவிட்டுத் தம் அட்டவணைப்படியே போகும். புகை அங்கேதான் பிறக்கிறது.

வேக்குவம் குழாயைக் கழற்றி, அதன் வாயை அடைத்து, ஐடிலில் ரெகுலேட்டரைத் திருகி 3 பாருக்குக் கொண்டுவந்து, திருகு நகராமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்குங்கள். கழற்றிய குழாயை மூக்கருகே பிடித்துப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயாபிரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறது. எவ்வளவு திருகினாலும் பயனில்லை, ரெகுலேட்டரையே மாற்ற வேண்டும்.

குழாயைத் திரும்ப மாட்டிய பிறகும் திணறினால், கேஜை மாட்டியபடியே ஏற்றத்தில் ஓட்டுங்கள். பெட்ரோல் குழாயைக் காருக்குள் கொண்டுவரவே கூடாது! கேஜை வெளியே வைப்பரோடு கட்டிவிட்டு, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். முள் சரிந்தால் ஃபில்டரையும் பம்பையும் பாருங்கள். முள்ளின் அளவை இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.