மார்கழி சீசனுக்கு ‘விஐபி பாஸ்’ வாங்க வேண்டுமா?

கேள்வி: டிசம்பர் 26 முதல் 28 வரை கோவையிலிருந்து சென்னைக்கு வருகிறோம். அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. ஆனால் கச்சேரி என்றால் உயிர். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன், அங்கேயே பிறந்து வளர்ந்த அண்ணி, 12 வயதுப் பையன் மூவரும் எங்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். ஆளுக்கு 4,500 ரூபாய் கட்டினால் எல்லா சபாக்களுக்கும் விஐபி பாஸ், கலைக் கண்காட்சிகள், மாமல்லபுரம் நாட்டிய விழா என்று மொத்தமாக ஏற்பாடு செய்வதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். எல்லா சபாக்களுக்கும் செல்லும் ஒரே பாஸ் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு சபாவும் தனி ராஜ்யம். அவரவர் நிகழ்ச்சி நிரல், அவரவர் டிக்கெட், அவரவர் கவுண்டர். அந்த ஏஜென்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்த சபா, எந்தத் தேதி, எத்தனை மணிக் கச்சேரி, எந்த வரிசை? எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அதோடு போன் வருவது நின்றுவிடும்.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அடுத்த வருஷமும் உதவும். பெரும்பாலான சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்கு அனுமதி இலவசம். வளர்ந்து வரும் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் மேடை ஏறும் நேரம் அது. யார் வேண்டுமானாலும் நுழைந்து உட்காரலாம். அந்த நேரத்தைத்தான் ‘சிறப்பு அனுமதி’ என்று உங்களிடம் விற்கிறார்கள். மிஞ்சிப்போனால், ஊரில் இல்லாத யாரோ ஒரு சபா உறுப்பினரின் பாஸை ஒரு சாயங்காலத்துக்குக் கைமாற்றுவார்கள். வாசலில் யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், அவர் அங்கே இருக்க மாட்டார்.

மாலைக் கச்சேரிக்கு மட்டும் டிக்கெட் வாங்க வேண்டியிருக்கும். பெரிய பெயர்கள் பாடும் நாளில் கிடைப்பது கஷ்டம். முன்வரிசைகள் நன்கொடையாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் போய்விடும், அவர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். வெளியே ‘ஹவுஸ்ஃபுல்’ பலகை, உள்ளே காலி நாற்காலி. இத்தனை வருஷமாகப் பார்த்தும் எனக்கு இது செரிப்பதில்லை. வராதவர் இடத்தைப் பத்து நிமிஷம் கழித்துக் காத்திருப்பவருக்குக் கொடுங்கள் என்றால், ஏதோ கோயில் ஆகமத்தை மாற்றச் சொன்ன மாதிரி பார்க்கிறார்கள்.

ஆகவே உங்கள் அம்மாவுக்கு நான் சொல்வது மதியக் கச்சேரிதான். கூட்டம் குறைவு, கீழ்த்தளத்தில் ஓரத்து இருக்கையாகப் பார்த்து உட்காரலாம், வலித்தால் எழுந்து நடக்கலாம். மலிவு என்று பால்கனி டிக்கெட் வாங்கிவிடாதீர்கள், மாடிப்படி இருக்கிறது. ஏசி குளிருக்கு ஒரு சால்வை. மியூசிக் அகாடமியில் காலையில் நடக்கும் லெக்டெம் எனப்படும் செயல்முறை விளக்கங்களுக்கும் கட்டணம் இல்லை. பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசுவதால் அண்ணிக்கும் புரியும். தமிழ்ப் பாட்டாகவே கேட்க வேண்டும் என்றால் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்க விழா இருக்கிறது. கேன்டீனில் சாப்பிடுவதற்கு டிக்கெட் தேவையில்லை, மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பிப்பதற்கு முன்பே போய்விட்டால் வரிசையில் நிற்கவும் வேண்டாம். (மிருதங்க வித்வான்கள் மன்னிக்கட்டும்.)

கண்காட்சிகள் பக்கம் வருவோம். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் சீசன் நேரத்தில் ஏதாவது ஓவியக் காட்சி நடந்துகொண்டுதான் இருக்கும், அதற்கும் கட்டணம் கிடையாது. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. வளாகம் பெரிது, எல்லாவற்றையும் பார்க்கும் ஆசை வேண்டாம். திருவாலங்காட்டு நடராஜர் இருக்கும் வெண்கலக் கூடம் ஒன்றை நிதானமாகப் பார்த்தாலே அம்மாவுக்குப் போதும். வெள்ளிக்கிழமை விடுமுறை. முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்கோ செவ்வாய்க்கிழமை விடுமுறை. உங்கள் மூன்று நாளில் எது எந்தக் கிழமை என்று முதலில் காலண்டரைப் பாருங்கள். அரையாண்டு விடுமுறையில் ஊரே கிளம்பி வரும் வாரத்தில்கூட இந்த விடுமுறையைத் தள்ளிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

தட்சிணசித்ராவில் தென்னிந்தியாவின் பழைய வீடுகளை அப்படியே பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். பையனுக்கு ரொம்பப் பிடிக்கும், அம்மாவுக்கு நடை அதிகம். அவரை வழியில் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு அழைத்துப் போங்கள். கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் ஓவியர்கள் தாங்களே நிலம் வாங்கி உருவாக்கிய இடம் அது. மெட்ராஸ் கலை இயக்கத்தின் ஓவியங்களையும் சிற்பங்களையும் சின்ன வளாகத்துக்குள்ளேயே பார்த்துவிடலாம்.

அங்கிருந்து அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம். ஏஜென்ட் உங்கள் குடும்பத்தை அதிகமாகக் குழப்பப்போவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. இந்தியர்களுக்குக் கட்டணம் 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. அமெரிக்கக் குடிமகன் என்றதும் அண்ணனுக்கு 600 என்று ஏஜென்ட் கணக்குப் போடுவார். இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை அண்ணனிடம் இருந்தால் அந்தக் கணக்கு தப்பு. ஓசிஐ அட்டைக்காரர்களுக்குத் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் இந்தியர்களுக்கான கட்டணம்தான். ஆனால் அட்டை கையில் இருக்க வேண்டும், ‘ஹோட்டலில் இருக்கிறது’ என்று சொல்லிப் பயனில்லை. அண்ணிக்கு? கணவரிடம் இருப்பது மனைவிக்கு ஒட்டாது. அவர் பெயரில் தனியாக ஓசிஐ இருந்தால் 40, இல்லாவிட்டால் 600. பையனுக்கு 15 வயது ஆகாததால் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்றாலும் டிக்கெட்டே வேண்டாம். ஒரு டிக்கெட் கோயிலுக்கும் ரதங்களுக்கும் சேர்த்துத்தான், இரண்டாவது வாசலில் மறுபடி காசு கொடுக்காதீர்கள். அர்ச்சுனன் தபசுக்கு யாருக்குமே கட்டணம் இல்லை. இதே சலுகை எழும்பூரிலும் உண்டு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், அது மாநில அரசின் அருங்காட்சியகம். அங்கே கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாட்டிய விழா சுற்றுலாத் துறை நடத்துவது. வழக்கமாக டிசம்பர் பிற்பகுதியில் தொடங்கி ஜனவரி வரை போகும். தேதியைக் கடைசி நேரத்தில் அறிவிப்பதில் துறைக்கு ஒரு தனி இன்பம். வெளிநாட்டிலிருந்து வருகிறவன் ஆறு மாதம் முன்பே விமான டிக்கெட் போடுகிறான் என்பது அவர்களுக்கு உறைப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட்கள் பிழைக்கிறார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மாமல்லபுரத்தில் ஆட்டோக்காரரோ வழிகாட்டியோ ‘சும்மா பார்த்துவிட்டு வாருங்கள்’ என்று ஒரு சிற்பக் கடையில் இறக்கிவிடுவார். நீங்கள் வாங்கும் பொருளின் விலையில் அவர் கமிஷனும் சேர்ந்திருக்கும். அமெரிக்க உச்சரிப்பைக் கேட்டதும் ஒரு வெண்கலச் சிலையை எடுத்துத் துடைத்து, ‘நூறு வருஷத்துக்கு மேல் பழசு சார்’ என்பார் கடைக்காரர். அவர் பொய் சொன்னால் உங்கள் பணம் போச்சு. உண்மையைச் சொன்னால் இன்னும் மோசம். நூறு ஆண்டு கடந்த சிலைகளையும் ஓவியங்களையும் தனிநபர் நாட்டை விட்டுக் கொண்டுபோவது 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் அண்ணன் மாட்டிக்கொள்வார். ஆசைப்பட்டால் புதுச் சிலையாக அண்ணா சாலையில் இருக்கும் அரசின் கைவினைப் பொருள் கடையான பூம்புகாரில் ரசீதோடு வாங்குங்கள். பழைய பாணியில் செய்த சிலை என்றால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் கேட்டுப் பெறலாம். ‘சர்டிபிகேட் நாங்களே தருகிறோம்’ என்று சொல்லும் கடையில் எதுவுமே வாங்காதீர்கள்.

வடகிழக்குப் பருவமழை டிசம்பர் முடியும்வரை ஓயாது. திறந்தவெளி நாட்டியத்தை நம்பி மாமல்லபுரத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளாமல் 26-ஆம் தேதியே போங்கள். மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு எழும்பூரைப் பார்த்துவிட்டு மறுநாள் கிளம்பலாம்.