மின்சுற்று சிமுலேஷன்: எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: ஓய்வு நேரத்தில் ஆடியோ பெருக்கி, பவர் சப்ளை, 555 டைமர் சுற்றுகள் ஆகியவற்றைச் செய்து பார்ப்பவன் நான். பிரெட்போர்டில் பாகங்களைச் செருகுவதற்கு முன் கணினியில் சோதித்துக்கொள்ள விரும்புகிறேன். எல்டிஸ்பைஸ், புரோட்டியஸ், கிகேட், டிங்கர்கேட் என ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா?
– ஈரோடு வாசகர்

பதில்: நீங்கள் குறிப்பிட்டுள்ள சுற்றுகளுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவிட வேண்டியதில்லை, எல்டிஸ்பைஸ் போதும். இத்தகைய மென்பொருள்களில் பலவற்றின் கணக்கிடும் பகுதி, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் லாரன்ஸ் நேகல் உருவாக்கி 1973இல் அறிமுகமான ஸ்பைஸ் என்ற நிரலின் வழியில் வந்ததே. ஆகவே ஒரே சுற்றை, ஒரே டிரான்சிஸ்டர் மாடலுடன் (பாகம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணினிக்குச் சொல்லும் கணித விவரிப்பு) எதில் ஓட்டினாலும் விடை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். விலையும் விளம்பரமும் எப்படியிருந்தாலும், நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் பாகங்களுக்கு மாடல் கிடைக்கிறதா என்பதைத்தான்.

எல்டிஸ்பைஸ், லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தில் மைக் எங்கெல்ஹார்ட் எழுதியது. அந்நிறுவனம் 2017இல் அனலாக் டிவைசஸ் வசமானது. சிப் விற்பவர்கள் இலவசமாகத் தருவதால் அவர்களுடைய சிப்களே நூலகத்தை நிறைத்திருக்கும். 555 அதிலேயே இருக்கிறது. எல்எம்358 என்ற பெருக்கிச் சிப் போன்ற பிறர் தயாரிப்புகளுக்கு, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மாடல் கோப்பை இறக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். திரை அமைப்பு சற்றுப் பழைய பாணியிலானது. தொடக்கத்தில் எரிச்சலூட்டும் என்பதை மறைப்பதற்கில்லை.

பழகிவிட்டால் அதன் அருமை புரியும். சுற்றை ஓட்டியபின் ஒயர்மீது சொடுக்கினால் மின்னழுத்தத்தையும், பாகத்தின்மீது சொடுக்கினால் மின்னோட்டத்தையும் வரைந்து காட்டும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு பாகத்தின்மேல் சென்றால் சுட்டி ஒரு வெப்பமானியாக மாறும். அப்போது சொடுக்கினால் அந்தப் பாகம் எத்தனை வாட்டை வெப்பமாக்குகிறது என்பது தெரியும். பவர் சப்ளை செய்பவர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 12 வோல்ட்டை 7805 என்ற மின்னழுத்தச் சீராக்கிச் சிப் வழியாக 5 வோல்ட்டாக்கி அரை ஆம்பியர் எடுத்தால் 3.5 வாட் அந்தச் சிப்பிலேயே வீணாகும். வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க் இல்லையென்றாலும் திரையில் வரைகோடு நேராகத்தான் ஓடும். மேசையில் அந்தச் சிப்பைத் தொட முடியாது.

பின்னாளில் பிசிபியும் (பாகங்களைப் பற்றவைக்கும் அச்சிட்ட மின்சுற்றுப் பலகை) வரைய எண்ணினால் கிகேட் நல்லது. அதில் ஸ்பைஸ் வழிவந்த என்ஜிஸ்பைஸ் என்ற இலவசக் கணக்கிடும் நிரல் உள்ளிணைக்கப்பட்டிருக்கிறது. மும்பை ஐஐடியின் இசிம் மென்பொருளும் இவ்விரண்டையும் சார்ந்து கட்டப்பட்ட இலவச மென்பொருளே. ஆர்டுயினோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் பலகைக்கு எழுதிய நிரலையும் சேர்த்து ஓட்ட வேண்டுமென்றால் எல்டிஸ்பைஸ் உதவாது. டிங்கர்கேட் அல்லது வோக்வி வேண்டும். புரோட்டியஸ் இதைத் திறம்படச் செய்யும், ஆனால் பொழுதுபோக்குக்கு அந்த விலை மிகை என்பது என் கருத்து. வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால், மின்னோட்டத்தை நகரும் மஞ்சள் புள்ளிகளாகக் காட்டும் ஃபால்ஸ்டட் சிமுலேட்டரை உலாவியிலேயே திறந்து காட்டுங்கள்.

கேள்வி: இரண்டு பிசி547 டிரான்சிஸ்டர், 47 கிலோஓம் மின்தடை, 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 9 வோல்ட் கொண்ட மல்டிவைப்ரேட்டர் எல்டிஸ்பைஸில் அசையவே இல்லை. அதே சுற்று பிரெட்போர்டில் விளக்குகளை மாறி மாறி எரியவிடுகிறது. மென்பொருள் தவறா?
– மதுரை வாசகர்

பதில்: தவறில்லை. உங்கள் கையிலுள்ள இரு டிரான்சிஸ்டர்களும் அச்சாக ஒன்றுபோல் இரா. அந்தச் சிறு வேறுபாட்டால் ஒன்று முந்திக்கொள்கிறது. கணினியிலோ இரண்டும் முற்றிலும் ஒன்றே என்பதால், இரண்டும் சேர்ந்தே கடத்தும் நிலையில் சுற்று நின்றுவிடுகிறது. தொடக்க நிலையைக் குறிக்கும் .ic என்ற கட்டளையால், ஒரு டிரான்சிஸ்டரின் பேஸ் முனையின் தொடக்க மின்னழுத்தத்தைச் சுழியம் என்று கொடுங்கள், ஊசலாட்டம் தொடங்கிவிடும். ஓட்டும் நேரத்தையும் பாருங்கள். உங்கள் மதிப்புகளுக்கு ஒரு முழுச் சுழற்சிக்கு ஏறத்தாழ 0.65 விநாடி ஆகுமாதலால், சில மில்லிவிநாடி மட்டும் ஓட்டினால் எதுவும் தெரியாது. மதிப்பைத் தட்டும்போதும் கவனம் தேவை: ஸ்பைஸில் எம் என்ற எழுத்து, பெரியதாயினும் சிறியதாயினும், மில்லியைத்தான் குறிக்கும், மெகாவுக்கு எம், இ, ஜி என மூன்றெழுத்தும் வேண்டும். எண்ணை அடுத்து எஃப் மட்டும் வந்தால் அது ஃபாரட் அன்று, மிக நுண்ணிய அளவைக் குறிக்கும் ஃபெம்டோ.

ஊசலாடத் தொடங்கியதும் பேஸ் மின்னழுத்தத்தை வரையச் செய்யுங்கள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அது ஏறத்தாழ எதிர்க்குறி 8 வோல்ட் வரை இறங்கும். பிசி547இன் பேஸ்-எமிட்டர் சந்தி பின்னோக்கித் தாங்குவது 6 வோல்ட் அளவே. அதைத் தாண்டினால் சந்தி தாங்காமல் பின்னோக்கிக் கடத்தும், இதுவே முறிவு. வழக்கமான டிரான்சிஸ்டர் மாடலில் இந்த முறிவு சேர்க்கப்படாததால் மென்பொருள் எச்சரிக்காது. மேசையிலோ டிரான்சிஸ்டரின் பெருக்கத்திறன் நாளடைவில் குன்றும். சுற்றை 5 வோல்ட்டில் இயக்குங்கள். 9 வோல்ட்டே வேண்டுமெனில் ஒவ்வோர் எமிட்டருடனும் ஒரு 1என்4148 டையோடைத் தொடராக இணைத்துக்கொள்ளுங்கள்.