கள்ளக் கூட்டும் இரண்டாம் விருப்பமும்

கேள்வி: வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி ஓட்டுப் போடும் முறை நம் நாட்டுக்கு வந்தால், கட்சிகளின் கள்ளக் கூட்டு ஒழியுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. குடியரசுத் தலைவரை எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் விருப்பத்தில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய வாக்குகளை அவற்றில் 2 என்று எழுதப்பட்டவருக்கு மாற்றுவார்கள். கூட்டு ஒழியவில்லை, இரண்டாம் விருப்பத்துக்குக் குடிபெயர்ந்தது.

1969 தேர்தலைப் பாருங்கள். காங்கிரஸ் வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. சுயேச்சையாக நின்ற வி.வி. கிரிக்கு தி.மு.க. ஆதரவு. ஜனசங்கமும் சுதந்திராக் கட்சியும் சி.டி. தேஷ்முக்கை ஆதரித்தன. அந்த இரு கட்சிகளிடமும் போய் ரெட்டிக்கு இரண்டாம் விருப்பம் கேட்டார் காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா. அதைப் பிடித்துக்கொண்டார் இந்திரா காந்தி. ரெட்டியின் மனுவில் கையெழுத்திட்ட அவரே மனச்சாட்சிப்படி வாக்களிக்கச் சொன்னார்.

நிஜலிங்கப்பாவின் பேரம் பலித்தது என்பதுதான் வேடிக்கை. முதல் சுற்றில் வாக்கு மதிப்பு கிரிக்கு 401,515, ரெட்டிக்கு 313,548. வெற்றிக்கு வேண்டியது 418,169. மற்றவர்களின் வாக்குகளைப் பகிர்ந்தபோது ரெட்டிக்கு 91,879 வந்தது, கிரிக்கு வெறும் 18,562. ஆனால் கிரிக்குத் தேவைப்பட்டதோ 16,654தான்! பேரம் கேட்டதைக் கொடுத்தது. பேரம் பேசிய செய்தி அதைவிடப் பெரியதைப் பறித்துக்கொண்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் காங்கிரஸே இரண்டாக உடைந்தது.

உங்கள் கேள்வியில் என்னைக் கிள்ளிய சொல் 'கள்ள'. கள்ள நோட்டு ஓசைப்படாமல் கை மாறும். பொதுத்தேர்தலில் விருப்ப வாக்குப் பேரம் அப்படி நடக்காது. '2 என்று இன்னாருக்கு எழுதுங்கள்' என்று லட்சம் பேரிடம் மைக் வைத்துச் சொல்ல வேண்டும். ஊரறியச் சொன்ன பிறகு அதில் கள்ளம் ஏது? கேட்பதும் கேட்காததும் வாக்காளர் பாடு. இந்த முறையை நான் இத்தனை காலமாக ஆதரிப்பது அதனால்தான்.

அந்த 2-ஐ எழுதும் பேனாவைக் கட்சி பிடுங்கிக்கொண்டால்தான் கள்ளம் நுழைகிறது. ஆஸ்திரேலிய நாடாளுமன்ற மேலவையான செனட் தேர்தலில் அது நடந்தது. 2013-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநில வாக்குச்சீட்டு ஒரு மீட்டர் நீளம். சீட்டின் குறுக்கே ஒரு கோடு: மேலே கட்சிகளுக்கான கட்டங்கள், கீழே வேட்பாளர்களுக்கான கட்டங்கள். எழுத்தைப் படிக்க உருப்பெருக்கித் தாள் கொடுத்தார்கள். கீழே உள்ள அத்தனை கட்டத்தையும் யார் நிரப்புவார்? பெரும்பாலோர் கோட்டுக்கு மேலே ஒரு கட்சிக்கு '1' போட்டுவிட்டுப் போனார்கள். மீதி வரிசையைக் கட்சிகள் முன்கூட்டியே தங்களுக்குள் பேசி, தேர்தல் ஆணையத்திடம் கொடுத்திருந்தன. விக்டோரியா மாநிலத்தில் 0.51 சதவீத முதல் விருப்பம் பெற்ற சிறு கட்சி வேட்பாளர் ரிக்கி மியூர், 14.3 சதவீதம் தேவைப்படும் இடத்தில் ஜெயித்தார். அவருக்கு '1' போட்ட ஆயிரத்தில் ஐந்து பேர் தவிர, அவருக்குத்தான் தங்கள் வாக்கு போய்ச் சேர்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

2016-இல் சட்டத்தைத் திருத்தி, கோட்டுக்கு மேலே 1 முதல் 6 வரையாவது வாக்காளரே எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.