ஒன்டிரைவில் பூட்டிக்கொண்ட கணக்குக் கோப்புகளை மீட்கலாம்

வணக்கம் அண்ணே. கடைக் கணினியில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்து, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் இருந்த கணக்குக் கோப்புகளும் திறக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் அந்தக் கணினியின் வைஃபையைத் துண்டியுங்கள். அப்புறம் வேறு கணினியில் கடவுச்சொல்லை மாற்றி, ஒன்டிரைவ் தளத்தின் அமைப்புகளுக்குள் போங்கள். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருந்தால், கடந்த 30 நாளுக்குள் ஒரு தேதியைத் தேர்ந்து எல்லாவற்றையும் அன்றைய நிலைக்குத் திருப்பலாம். நாள் ஓடுகிறது, இன்றைக்கே பாருங்கள்.

எங்கள் அலுவலகத்திலும் இப்படி ஆனது. ஒவ்வொரு இன்வாய்ஸ் பெயரின் வாலிலும் புரியாத எழுத்துகள். பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. சிங்க், அதாவது கணினியில் மாறுவது கிளவுடிலும் அப்படியே மாறுவது, பேக்கப் (தனிக் காப்புப் பிரதி) ஆகாது, இங்கே கெட்டது அங்கேயும் கெடும். குறித்த காலம் வரை யாரும் அழிக்க முடியாத தனிப் பிரதி ஒன்று கிளவுடில் வையுங்கள். சிங்கப்பூர் வரித்துறையான ஐராஸுக்காக 5 வருடக் கணக்கு வைத்திருக்க வேண்டுமே.