டெஸ்ட் எல்லாம் பாஸ், ஆனாலும் காண்ட்ராக்ட் காலி: வித்ட்ராவில் வரிசை மாறியிருக்கிறது

உங்கள் எத்தீரியம் ஸ்மார்ட் காண்ட்ராக்டில் (பிளாக்செயினில் ஓடும் நிரலில்) பணம் எடுக்கும் வித்ட்ரா ஃபங்ஷனுக்கு டெஸ்ட் எல்லாம் பாஸ், ஆனால் டெஸ்ட்நெட்டில் (சோதனை நெட்வொர்க்கில்) யாரோ ஒரே பரிவர்த்தனையில் மொத்த ஈதரையும் (எத்தீரியத்தின் நாணயத்தையும்) உருவிவிட்டார் என்கிறீர்கள். காரணம் நீங்கள் போட்ட கோடிலேயே இருக்கிறது: முதலில் ஈதரை அனுப்புகிறீர்கள், அப்புறம்தான் எடுத்தவரின் இருப்பைப் பூஜ்யமாக்குகிறீர்கள். வாங்குவது இன்னொரு காண்ட்ராக்ட் என்றால், ஈதர் வந்ததும் அதன் ரிசீவ் ஃபங்ஷன் ஓடும், அதற்குள்ளிருந்தே மறுபடி வித்ட்ராவைக் கூப்பிடும், இருப்பு இன்னும் அப்படியே இருப்பதால் இருப்பைச் சோதிக்கும் உங்கள் ரிக்வயர் வரியும் வழிவிட்டுவிடும். 2016-இல் டிஏஓ என்ற முதலீட்டு நிதிக் காண்ட்ராக்டிலிருந்து சுமார் 36 லட்சம் ஈதர் போனதும் இந்த ஓட்டை வழியாகத்தான்.

பூஜ்யமாக்கும் வரியை அனுப்பும் வரிக்கு மேலே ஏற்றுங்கள். ஓப்பன்செப்பெலின் நூலகத்தின் ரீஎன்ட்ரன்சி கார்டும் (ஃபங்ஷன் முடியும் முன் மறுபடி நுழையவிடாத பூட்டு) போடலாம், வரிசையைத் திருத்தாமல் அதை மட்டும் நம்பாதீர்கள்.

டெஸ்டில் ஏன் சிக்கவில்லை? எல்லா டெஸ்டிலும் பணம் எடுப்பது கோட் இல்லாத சாதாரணக் கணக்கு, அது திருப்பிக் கூப்பிடவே முடியாது. ரிசீவுக்குள் வித்ட்ராவை அழைக்கும் ஒரு குட்டித் திருட்டுக் காண்ட்ராக்ட் எழுதுங்கள்; மற்றவர்கள் 10 ஈதர், இது 1 ஈதர் போடட்டும், முடிவில் இதன் கையில் 1-க்கு மேல் இருக்கக்கூடாது என்று சோதியுங்கள். முதலில் பழைய கோடில் ஓட்டுங்கள். அங்கே ஃபெயில் ஆகாவிட்டால் டெஸ்டே தப்பு.